இரண்டு வைத்தியமும் ஒரு பயிற்சியும்

லா சப்பலில் 'ஒஸ்ரியோபத்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டால் எம்மவர் பலர் அவரை எலும்பு டொக்டர் என்றே நினைக்கிறார்கள். பிரான்சில் அவர் டொக்டராக இருக்க வேண்டியதில்லை. 2002ம் ஆண்டுச் சட்டம் அந்தத் தொழிற்பெயரை அங்கீகரித்தது, அவ்வளவுதான். அமெரிக்காவிலோ ஒஸ்ரியோபதிப் பட்டதாரி முழு டொக்டர்; மருந்து எழுதலாம், சத்திரசிகிச்சை செய்யலாம். பெயர் ஒன்று, நிலை இரண்டு. இது எப்படி வந்தது?

1874இல் அன்ட்ரூ ரெய்லர் ஸ்ரில் தொடக்கிய இம்முறையை அலோபதியினர் போலி வைத்தியமென்று ஒதுக்கினர். அவர்களது ஆஸ்பத்திரிகள் கதவடைத்தபோது ஒஸ்ரியோபதியினர் சொந்த ஆஸ்பத்திரிகளைக் கட்டினர். பட்டம் பெற்றபின் மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளியின் கட்டிலருகே கழிக்கும் வருடங்களே ஒருவரை விசேட நிபுணராக்குகின்றன. அந்தப் பயிற்சியையும் தாங்களே நடத்தினர்.

1962இல் கலிபோர்னியாவில் சோதனை வந்தது. சுமார் 2000 பேர் 65 டொலர் கட்டி அலோபதிப் பட்டத்துக்கு மாறினர். அவர்களது கல்லூரியும் கைமாறியது. புதிய ஒஸ்ரியோபதியினருக்கு அனுமதி நின்றது. 1974இல் நீதிமன்றத் தீர்ப்பே கதவை மீண்டும் திறந்தது. 2015 தொடங்கி 2020க்குள் இரு தரப்பின் நிபுணத்துவப் பயிற்சியும் நாடெங்கும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன. இம்முறை ஒஸ்ரியோபதி முறையைத் தொடர்ந்து கற்பிக்கும் இடங்களுக்குத் தனி அங்கீகாரமும் வைக்கப்பட்டது. முன்னது விழுங்கல், பின்னது பேரம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. மருந்தியலையும் சத்திரசிகிச்சையையும் முழுமையாகப் படித்தபடியால்தான் அவர்களால் பேரம் பேச முடிந்தது.

இனி எங்கள் பக்கம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1873 வரை மேற்கத்திய வைத்தியத்தைத் தமிழிலும் படிப்பித்து அறுபதுக்கு மேற்பட்டோரை உருவாக்கினார். யாழ் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் 1978இலும் சித்த மருத்துவக் கல்வி 1984இலும் தொடங்கின. மருத்துவபீடப் பட்டதாரி நிபுணராவதற்கு 1980 முதல் கொழும்பில் பட்டமேற்படிப்பு நிறுவனம் உண்டு. சித்தத்தில் அப்படியான பாதையைத் தமிழ்நாட்டில்தான் தெளிவாகக் காணலாம்: 2005இல் திறக்கப்பட்ட தாம்பரம் தேசிய சித்த நிறுவனம் குழந்தை மருத்துவம், நஞ்சு நூல் எனத் துறை துறையாக மூன்றாண்டுப் பட்டமேற்படிப்பு நடத்துகிறது.

சித்தத்தை அலோபதியோடு இணை என்பவர்களும், தனித்துக் காப்பாற்று என்பவர்களும் கேட்கத் தவறும் கேள்விகள் உண்டு. பயிற்சிக்கு எத்தனை கட்டில்? மேற்பார்வை யாருடையது? பிழைத்தால் பொறுப்பு யாருக்கு? இவற்றுக்குப் பதிலில்லாமல் பட்டத்தை மட்டும் அங்கீகரிக்கக் கேட்டால் நட்டம் நோயாளிக்குத்தான். மாறாக நினைப்பவர்கள் எழுதட்டும்.