காமன் பொட்டலில் ஓர் இரவு

ஸ்பெயின் தேசத்திலே, மத்தியதரைக் கடலோரத்தில், வலென்சியா என்றொரு நகரம் உண்டு. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அந்நகர வீதிகளில் மரத்தாலும் அட்டையாலும் சமைத்த பேருருவங்களை நிறுத்துவர். வாத்தியக் குழுக்கள் முழங்க, மக்கள் மரபுடை தரித்து ஊர்வலம் வருவர். 19ஆம் நாள் இரவில் அவ்வுருவங்கள் தீக்கிரையாகும். 1934இல் தொடங்கிய வழக்கப்படி, மக்களின் வாக்கைப் பெற்ற சிற்றுருவம் மட்டும் நெருப்பினின்றும் தப்பும்.

இதனைப் படித்தபோது என் மனம் நமது ஊவா மலைகளுக்கே ஓடிற்று. ஏறத்தாழ அதே பருவத்திலன்றோ பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் உள்ள தோட்டங்களில் காமன் கூத்து நிகழ்வது!

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றுவர். ஆமணக்கு முதலியவற்றை வைக்கோற்பிரியாற் கட்டி நடும் அவ்விடமே காமன் பொட்டல். வேடந் தரிப்போர் காப்புக் கட்டி விரதங் காப்பர். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பின்னரே ஒத்திகை. தப்பும் உருமியும் ஒலிக்க, ரதியும் மதனும் லயந்தோறும் ஆடிவருவர். ரதியாக வருபவரும் ஆடவரே. இறுதியிரவில், சிவனது தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவான். ரதியின் புலம்பலுக்கிரங்கி இறைவன் அவனை எழுப்புவார். எனினும் அவன் அவள் கண்ணுக்கு மாத்திரமே தோன்றுவான்.

இக்கலை இங்கு வந்த வழி யாது? 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னாட்டிலிருந்து கங்காணிமாருடன் வந்தவர்கள், தம் ஊர்க்கூத்தையும் நெஞ்சிலே சுமந்து வந்தனர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை வந்தது. பயிர் மாறிற்று, கூத்து மாறவில்லை. எழுத்தறியாத பலர் ஓரிரவு முழுதும் பாடத்தக்க பாடல்களை மனப்பாடமாகவே காத்தனர்.

வலென்சியாவின் பொம்மைக்கும் வாக்கு உண்டென்றேன். நம்மவர் நிலையோ வேறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் 7 உறுப்பினர் பாராளுமன்றம் சென்றனர். 1948இல் வந்த பிரசாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டமக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்தன. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயரிட்டனர்.

எங்கள் பாடசாலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே, இளமையில் ரதி வேடந் தரித்த முதியவர் ஒருவரைக் கண்டு பேசினேன். அவருடன் பல்லாண்டு மதனாக ஆடியவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டாராம். அவ்வாண்டு வேறொருவரை மதனாக்கிக் கூத்தை நடத்தினர். "அந்த வருசம் ரதி அழுதது நெசமான அழுகைங்க, அதிபர் ஐயா" என்றார் அவர். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

எரிந்தும் அழியாத மதன், ரதியொருத்தியின் கண்ணுக்கே தெரிந்தான். சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதிருந்த இம்மக்கள், தம்மைத் தாமே கண்டுகொள்ள ஆண்டுக்கோர் இரவு இருந்தது. அதுவே காமன் பொட்டலில் அவர்கள் கழித்த இரவு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஆயினும், கூத்தை அறிந்தோருட் பலர் கடல் கடந்தனர், பலர் மறைந்தனர்.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டி நூலாக்கியதனாலேயே அவை நமக்குக் கிட்டின. அப்பணி முடிந்துவிடவில்லை. கலைவிழா மேடையிலே பத்து நிமிடம் காமனை ஆட்டிவிட்டுக் கைதட்டுவது போதாது. இதைக் கேட்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டனார் அருகில் ஒரு கொப்பியுடன் அமருங்கள். அவர் பாடுவதைப் பாடியவாறே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மாசிப் பிறை வருமட்டும் காத்திராமல் இன்றே தொடங்குங்கள்.