ஹஸன் ஷரீஃப்

ஹஸன் ஷரீஃப் (1951 – 18 செப்டம்பர் 2016) துபாயில் வாழ்ந்து மறைந்த ஓவியர், சிற்பி, எழுத்தாளர். வளைகுடா நாடுகளில், வடிவத்தைவிடக் கருத்தை முதன்மையாக்கும் கருத்தியல் கலைக்கு வழி திறந்த முன்னோடி.

எழுபதுகளில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து கலைக்குள் வந்தார். 1971இல் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு நாடாக உருவாகி, எண்ணெய்ப் பணமும் இறக்குமதிச் சரக்கும் வந்து குவிந்த காலம் அது. அந்த வேகத்தைத்தான் அவருடைய கோடுகள் சீண்டின. 1979இல் இங்கிலாந்து போய், 1984இல் லண்டன் பயாம் ஷா கலைப்பள்ளியில் படிப்பை முடித்தார். ‘அரை ஒழுங்குகள்’ எனப்பட்ட அவருடைய வரைவுகள் அங்கே பிறந்தவை. கட்டம் போட்ட தாள், முன்கூட்டியே வகுத்த ஒரு விதி, அதன்படி கையால் எண்ணி எண்ணிப் போட்ட கோடுகள். எண்ணிக்கை பிசகினால் அந்தப் பிசகும் படத்தோடு தங்கிவிடும். படிப்புக்கிடையே ஊர் வந்தபோது, 1983இல் துபாயின் ஹத்தா பாலைநிலத்தில் குதித்தார், கல் எறிந்தார். அவற்றையும் படமெடுத்துக் கலையாக முன்வைத்தார். அன்றைய ஊருக்கு அது புரியாத புதிர்தான்.

1980இல் தொடங்கிய எமிரேட்ஸ் நுண்கலைச் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1984இல் ஷார்ஜாவில் அல் மரேஜா கலைக்கூடத்தை அமைத்தார். மேற்கத்தியக் கலை நூற்பகுதிகளை அரபியில் பெயர்த்துப் பத்திரிகைகளில் வெளியிட்டார். முகமது காசிம் போன்ற மாணவர்கள் அவரிடம் வளர்ந்தனர். தன் கலையைப் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறையையே அவர் உண்டாக்க வேண்டியிருந்தது. ஓவியங்களுக்கு நிகரான சாதனை இது.

அவர் பெயர் நிலைப்பது ‘பொருட்கள்’ என்று அவர் அழைத்த சிற்பங்களால். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து இறுதிவரை இவற்றைச் செய்தார். ரப்பர் செருப்பு, அட்டைப் பெட்டி, கரண்டி, துணி, தேங்காய் நார்க் கயிறு, செம்புக் கம்பி என எல்லாம் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. வெட்டி, மடித்து, முறுக்கி, கட்டி, ஒரே முடிச்சை நூற்றுக்கணக்கில் போட்டுக் குவியலாக்குவார். 2009இல் செய்த ‘செருப்பும் கம்பியும்’ அப்படிப்பட்டது. துபாயின் தேரா கடைத்தெருவில் ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டிய தமிழர் எவரும் அந்தச் சரக்கை உடனே அடையாளம் காண்பர். நொடியில் வாங்கி நொடியில் எறியும் பொருளுக்குப் பாய் முடைபவரின் பொறுமையைச் செலவிட்டார் என்பதே இவற்றின் ஆழம்.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2011இல் அபுதாபியில் அவருடைய மூன்று பத்தாண்டுப் படைப்புகள் காட்சிக்கு வந்தன. மறைவுக்குப் பின், 2017 நவம்பரில் ஷார்ஜா கலை அறக்கட்டளை முழுவாழ்வுக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கியது. அது பின்னர் பெர்லினுக்கும் சென்றது. அதே 2017இல் வெனிஸ் பியன்னாலே என்னும் கலைக் கண்காட்சியில், ‘சூப்பர் மார்க்கெட்’ என்ற பெயரில் அவருடைய பொருட்கள் கடைச் சரக்கைப் போலவே அலமாரிகளில் அடுக்கப்பட்டிருந்தன.