டீனா ப்ரூக்ஸ்: வாசித்தது நான்கு, வெளிவந்தது ஒன்று

ஜாஸ் இசையில் டெனர் சாக்ஸஃபோன் என்றதும் ஜான் கோல்ட்ரேன், சோனி ராலின்ஸ் ஆகிய இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். கொஞ்சம் தேடிக் கேட்பவர்கள் ஹேங்க் மோப்ளி, டெக்ஸ்டர் கார்டன் என்று சேர்த்துக்கொள்வார்கள். டீனா ப்ரூக்ஸ் பெயரைச் சொல்பவர்கள் அபூர்வம். இத்தனைக்கும் மூன்றே ஆண்டுகளுக்குள், 1958 மார்ச்சிலிருந்து 1961 மார்ச்சுக்குள், தன் தலைமையில் நான்கு இசைத்தட்டுகளுக்கு வாசித்தவர் அவர். அதில் அவர் உயிரோடு இருக்கும்போது கடைக்கு வந்தது ஒன்றே ஒன்று!

பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். இயற்பெயர் ஹெரால்ட் ஃபிளாய்ட் ப்ரூக்ஸ். சின்ன வயதில் உருவத்தில் பொடியனாக இருந்ததால் 'டீனி' என்று கூப்பிட, அது டீனாவாக ஒட்டிக்கொண்டது. 1932ல் வட கரோலினா மாநிலத்தின் ஃபேயட்வில்லில் பிறந்தார். 1944ல் குடும்பம் நியூயார்க்குக்கு வந்தது. ஆரம்பத்தில் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில், ஆட்டத்துக்கு வாசிக்கும் வேலை. பிறகு 1955ல் லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழு.

அந்தப் பின்னணி வீணாகவில்லை. ஏனென்றால் 1950களின் நடுவில் ஆர்ட் ப்ளேக்கி, ஹொரேஸ் சில்வர் போன்றவர்கள் உருவாக்கிய ஹார்ட் பாப் என்ற பாணிக்கு அதுதான் தேவைப்பட்டது. பீபாப் இசை வேகமானது, சிக்கலானது, உட்கார்ந்து கவனித்துக் கேட்க வேண்டியது. அதில் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டையும் ப்ளூஸையும் திரும்பக் கலந்து, காலைத் தட்டவைத்தது ஹார்ட் பாப். டெனர் சாக்ஸஃபோனும் ட்ரம்பெட்டும் முன்னால் நிற்க, பின்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ். இந்த ஐவர் குழுதான் அதன் வழக்கமான அமைப்பு.

இந்த இசையை அதிகம் பதிவு செய்தது புளூ நோட் நிறுவனம். 1939ல் தொடங்கிய இந்தச் சிறிய நிறுவனத்தை நடத்தியவர்கள் ஆல்ஃப்ரட் லயன், ஃபிரான்சிஸ் வுல்ஃப் என்ற, ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு நண்பர்கள். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். 1959 வரை அவருடைய ஸ்டுடியோ நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டின் வரவேற்பறைதான். ஹார்ட் பாப்பின் பாதி வரலாறு அந்த ஹாலில் நடந்தது என்றால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

1958 பிப்ரவரியில் ஜிம்மி ஸ்மித்தின் 'தி செர்மன்' பதிவில் ப்ரூக்ஸ் வாசித்தார். இருபது நிமிடம் ஓடும் ஒரு ப்ளூஸ். அடுத்த மாதமே, மார்ச் 16 அன்று, அவருடைய சொந்தப் பதிவு. லீ மார்கன், சோனி கிளார்க், டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் ஆர்ட் ப்ளேக்கி! புதியவர் ஒருவருக்கு இதைவிட நல்ல கூட்டணி அமையாது. ஆனால் 'மைனர் மூவ்' என்ற அந்தப் பதிவு பெட்டிக்குள் போனது போனதுதான்.

1960 ஜூன் அவருடைய மாதம் என்று சொல்லலாம். 19ஆம் தேதி, 22 வயது ஃப்ரெடி ஹப்பார்டின் முதல் இசைத்தட்டான 'ஓப்பன் செசமி'. அதன் தலைப்பு இசையை அமைத்ததே ப்ரூக்ஸ்தான். ஆறே நாளில், 25ஆம் தேதி, ஹப்பார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன்னுடைய 'ட்ரூ புளூ'. ஆறு இசையில் ஐந்து சொந்தமாக அமைத்தவை. வரிசை எண்கள்கூட 4040, 4041 என்று அடுத்தடுத்து. ஹப்பார்ட் அதிலிருந்து ஏறிக்கொண்டே போனார். ப்ரூக்ஸுக்கு அதுதான் உச்சி.

'ட்ரூ புளூ'வைக் கேட்டால் ஒன்று புரியும். ப்ரூக்ஸ் ராலின்ஸைப் போல அதட்ட மாட்டார், கோல்ட்ரேனைப் போல ஸ்வரங்களைக் கொட்டவும் மாட்டார். மெல்லிய, லேசாக அழுகை கலந்த தொனி. மைனர் ஸ்கேலில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூச்சு முட்டாமல் நீட்டிக்கொண்டே போய், எதிர்பாராத இடத்தில் இறக்கிவைப்பார். உரக்கப் பேசுகிறவர்கள் நடுவே தாழ்ந்த குரலில் பேசுபவரைப் போல. ஒருவேளை அதுவே அவருக்குப் பாதகமாக இருந்திருக்கலாம்.

அடுத்து நடந்ததுதான் வேதனை. 1960 செப்டம்பர் 1 அன்று ஆல்டோ வாசிக்கும் ஜாக்கி மெக்லீனோடு ஒரு பதிவு. அன்றைக்கு வாசித்ததில் ஒரு பகுதி மெக்லீனின் 'ஜாக்கீஸ் பேக்' தட்டுக்குப் போனது, எண் 4051. 'ஸ்ட்ரீட் சிங்கர்' என்ற இசை மட்டும் ப்ரூக்ஸின் 'பேக் டு தி டிராக்ஸ்' தட்டுக்கு, எண் 4052. முதலாவது வெளிவந்தது. இரண்டாவதற்கு எண் கொடுத்து, அட்டை தயாரித்து, விளம்பரமும் செய்தார்கள். தட்டு மட்டும் வரவில்லை.

லயன், விற்க முடிந்ததைவிட அதிகமாகவே பதிவு செய்து வைப்பவர். மோப்ளி, கிரான்ட் கிரீன் ஆகியோரின் நல்ல பதிவுகளும் இப்படி முடங்கியவைதான். ஆனால் அவர்களுக்கு வேறு தட்டுகள் வந்துகொண்டிருந்தன. நான்கில் மூன்றை இழந்தவர் ப்ரூக்ஸ்.

இதே காலத்தில் நியூயார்க்கில் 'தி கனெக்‌ஷன்' நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெராயினுக்காகக் காத்திருக்கும் இசைக் கலைஞர்களின் கதை. மேடையிலேயே இசைக்குழு உண்டு. மெக்லீன் வராத நாட்களுக்கு மாற்று ஆள் ப்ரூக்ஸ். மேடைக்கு வெளியிலும் அந்தக் கதை அவருடையதாகவே இருந்தது. 1961 மார்ச் 2 அன்று ஜானி கோல்ஸோடு கடைசிப் பதிவு. அதில் ஓர் இசைக்கு 'தியானா' என்று நம் ஊர்ச் சொல்லையே தலைப்பாக வைத்திருக்கிறார். அந்தத் தட்டின் பெயர் 'தி வெயிட்டிங் கேம்', அதாவது காத்திருக்கும் ஆட்டம். அதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த ஸ்டுடியோவிலும் பதிவு செய்யவில்லை. உடல் கெட்டு, 1974 ஆகஸ்ட் 13 அன்று 42 வயதில் இறந்தார்.

அடுத்த ஆண்டு, 1975ல், மைக்கேல் கஸ்குனா என்ற தயாரிப்பாளர் புளூ நோட்டின் பழைய டேப்புகளைக் கிளறத் தொடங்கினார். 1980ல் 'மைனர் மூவ்' ஜப்பானில் வெளிவந்தது. 1985ல் கஸ்குனாவின் மொசைக் நிறுவனம் நான்கு பதிவுகளையும் ஒரே பெட்டியாக வெளியிட்டது. எண் 4052, இருபத்தைந்து ஆண்டு தாமதமாக, அந்தப் பெட்டிக்குள் இருந்தது.