புயல் பாதைக் கூம்பு

புயலின் மையம் அடுத்த ஐந்து நாட்களில் எந்தப் பரப்புக்குள் நகரக்கூடும் என்று காட்டும் வரைபடம். அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையம் இதை 2002 முதல் வெளியிடுகிறது. புயல் நிற்கும் இடத்தில் குறுகித் தொடங்கி, நாள் தள்ளிப்போகப் போக அகலும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதா, தங்குவதா என்று கடலோரக் குடும்பங்கள் முடிவெடுக்கும் நேரத்தில் தொலைக்காட்சித் திரையில் நிற்பது இந்தப் படம்தான்.

12, 24, 36 மணி நேரம் எனத் தொடங்கி 120 மணி நேரம் வரை, கணிக்கப்பட்ட ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் வரையப்படும். முந்தைய ஐந்தாண்டுக் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும் அளவே அதன் ஆரம். வட்டங்களை இணைத்தால் கூம்பு கிடைக்கும். ஒரு பருவத்தில் ஒரு கடற்பகுதியின் எல்லாப் புயல்களுக்கும் ஆரம் ஒன்றே. எனவே கண்முன் இருக்கும் புயல் எவ்வளவு நம்பகமாகக் கணிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கூம்பின் அகலம் சொல்வதில்லை. புயலின் பருமன், மழை, புயல் அலை எதுவும் அதில் இல்லை. மையமே சுமார் மூன்றில் ஒரு முறை வெளியே போகலாம்.

பார்ப்பவர்களோ கூம்புக்குள் ஆபத்து, வெளியே பாதுகாப்பு என்று படிக்கிறார்கள். புயல் வளர்ந்துகொண்டே வருவதாக நினைப்பவர்களும் உண்டு. இதைப் பாமரரின் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அழுத்தமான எல்லைக்கோடு போட்ட படம் அப்படித்தான் படிக்கச் சொல்கிறது.

2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி இதை உணர்த்தியது. கூம்பின் நடுக்கோடு அமெரிக்கக் கடலோர நகரான டாம்பாவை நோக்கியிருந்தது. புயல் முன்கூட்டியே வலப்புறம் திரும்பி, வேகமாக வலுத்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கேயுள்ள புன்டா கோர்டாவைத் தாக்கியது. அந்த ஊர் கூம்புக்குள்தான் இருந்தது, எச்சரிக்கையும் அமலில் இருந்தது. பலரின் கண் நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டது. நடுக்கோடு இல்லாத படத்தையும் சூறாவளி மையம் இப்போது தருகிறது. 2022 இல் இயன் சூறாவளியின்போது அமெரிக்காவின் லீ கவுண்டி கூம்பின் விளிம்பை ஒட்டியிருந்தது. அங்கே வெளியேற்ற உத்தரவு புயல் கரையைக் கடப்பதற்கு முந்தைய நாள்தான் வந்தது. நேரடியாக உயிரிழந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புயல் அலை.

கூம்புக்குப் பதில் பல தடங்களை வரைந்து காட்டிய ஆய்வுகளில், புயல் வளர்கிறது என்ற தவறான எண்ணம் குறைந்தது. ஆனால் ஒரு தடம் தன் ஊர்மேல் விழுந்தால் அந்த ஊரின் ஆபத்தை மக்கள் மிகையாக மதிப்பிட்டார்கள். இன்னும் பயனுள்ள வழி, கூம்போடு ஊர்வாரியான எச்சரிக்கையையும் சேர்த்துக் காட்டுவது. புயல் அலை எச்சரிக்கை 2017 இல் தனியாக நடைமுறைக்கு வந்தது. 2024 இல் கடலோரத்தைத் தாண்டிய உள்நிலப் பகுதிகளுக்கான எச்சரிக்கைகளையும் நிறமிட்டுக் காட்டும் கூம்பு சோதனை முறையில் வெளியானது.

வங்கக்கடல் புயல்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையும் கூம்பு வெளியிடுகிறது. அதனுடன் வரும் மாவட்டவாரி நிறங்கள் செயலைக் குறிப்பவை: மஞ்சள் கவனிக்க, ஆரஞ்சு தயாராக, சிவப்பு உடனே செயலில் இறங்க.