'பிள்ளை' என்னும் பெயரொட்டு

பிறந்த மண்ணை விட்டு வடபுல நகரங்களிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. குழந்தையைப் பள்ளியிற் சேர்க்கச் செல்கிறோம். விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் காத்திருக்கிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி முன்னே இட்டுப் பழகிய நாம் சற்றே திகைக்கிறோம். முடிவில் ஊர்ப் பெயரையோ, தந்தை பெயரையோ, பாட்டனார் தாங்கிய பட்டத்தையோ எழுதித் தருகிறோம். அத்தகைய பட்டங்களுள் ஒன்றான 'பிள்ளை'யின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

'பிள்ளை' என்பது இளமையைக் குறித்த பழஞ்சொல். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களுள் இதனையும் எண்ணுகிறது. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என இன்றும் வழங்குகிறோம். அன்பைக் காட்டிய சொல் பின்னர் மதிப்பையும் காட்டலாயிற்று. திருஞானசம்பந்தர் ஆளுடைய பிள்ளையார் ஆனார். சோழர் கல்வெட்டுகள் அரசிளங்குமரரைப் 'பிள்ளையார்' எனச் சுட்டின. வைணவ ஆசாரியருள் பிள்ளை லோகாசாரியர் புகழ்பெற்றார்.

இப்பட்டம் ஒரு குலத்தாருக்கே உரியதன்று. ஒரு சமயத்தாருக்கே உரியதுமன்று. புதுச்சேரியில் 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும், 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலை வெளியிட்ட கிறித்தவரான வேதநாயகம் பிள்ளையும், நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையும் இதனைத் தாங்கினர். 1984-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கர பிள்ளையும் தாங்கினார். நம்மைப் போல் வெளியூர் சென்று வாழ்ந்தோருள் கணித மேதை எஸ். எஸ். பிள்ளை நினைவுகூரத் தக்கவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், 1950-இல் அமெரிக்கா செல்லும் வழியில் எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

இனிக் கடல் கடந்த கதை. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அவர்தம் வழித்தோன்றல்களிடையே இப்பட்டம் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தமிழ் பேச மறந்த இல்லங்களிலும், 'எம் முன்னோர் தமிழர்' என்பதற்கு அப்பெயரே சான்றாய் நிற்கிறது.

தாயகத்திலோ காற்று வேறு திசையில் வீசியது. 1929-இல் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. நாளடைவிற் பலரும் அதனை நீக்கினர். 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளையை இன்று வ. உ. சி. என்னும் மூன்றெழுத்தால் நாடு போற்றுகிறது. பட்டம் போயினும் புகழ் குறையவில்லை.

ஆக, ஒரே சொல்லை இங்கே சமத்துவம் கருதித் துறந்தோம். அங்கே வேர் அறாதிருக்கக் காத்தனர். இரண்டிற்கும் நியாயம் உண்டு. அக்கட்டத்தில் எதனை எழுதுவது என்பதை அவரவர் குடும்பமே முடிவு செய்யட்டும். எழுதுவோர் அதன் பொருளைக் குழந்தைக்குச் சொல்லித் தருக. அதனைப் பிறரினும் உயர்ந்தோம் என்பதற்கு அடையாளமாக்க வேண்டா. எழுதாதோர் முதலெழுத்து முறையும் நம் மரபே என்று சொல்லித் தருக. பட்டமாகும் முன்னர் அச்சொல் குழந்தையைத்தான் குறித்தது. அப்பொருளில் நம் மக்கள் அனைவரும் பிள்ளைகளே.