காட்டுக்குள் கிடந்த வாசற்படி



சரித்திரம் எழுத நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. ஏ.எல். சோதனையோடு படிப்பு முடிந்தது. இன்று நியூ ஜேர்சியில் ஒரு பக்டரியில் இரவு வேலை செய்கிறேன். ஆனாலும் போன வருடம் கண்ட ஒரு காட்சி மனதை விட்டுப் போகாதபடியால் இதை எழுதத் துணிந்தேன்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மகனைக் கூட்டிக்கொண்டு நியூ ஜேர்சியின் வடமேற்கு மூலைக்குப் போனேன். டெலவெயார் ஆற்றங்கரையில் வால்பாக் என்று ஒரு இடம். காட்டுப் பாதையில் நடந்துகொண்டு போகையில் நடுக்காட்டில் மூன்று கருங்கற் படிகள் கிடந்தன. படிக்கு மேலே வீடு இல்லை. பக்கத்தில் யாரோ முன்னொரு காலம் வாசலில் நட்ட லைலாக் பற்றை ஒன்று நிறையப் பூத்து நின்றது.

மகன் கேட்டான்: "அப்பா, இந்த வீட்டு ஆக்கள் எங்க போட்டினம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

அந்தப் பகுதியை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். உயரத்தில் கிற்றாற்றினி என்ற நீண்ட மலைத்தொடர். அதன் உச்சியால்தான் பேர்போன அப்பலாச்சியன் நடைபாதை போகிறது. 1921 இல் பென்ரன் மக்காய் என்பவர் எண்ணி, 1937 இல் முழுமையான பாதை அது. மொத்தம் ஏறக்குறைய 2,190 மைல். அதில் 72 மைல் நியூ ஜேர்சிக்குள். மலைக்குக் கீழே ஆற்றை ஒட்டினாற்போல் சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும் கலந்த சிறு குன்றுகள். அந்தக் காலத்து விவசாயிகள் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கித் தோட்டத்துக்குப் போட்டார்கள். எங்கள் யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற மண்தானே. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்தக் கல்லின் புதுமைகள். அதனாலோ என்னவோ அந்த மண் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அந்த மண்ணின் ஆதிக் குடிகள் லெனாப்பி மக்கள். காட்டுப் பாதைகளை முதலில் மிதித்தவை அவர்களுடைய கால்கள்தான். அவர்கள் நிலத்தை இழந்த கதையிலும் ஒரு நடை வருகிறது. ஆற்றுக்கு அக்கரையில், பென்சில்வேனியாவில், 1686 இல் எழுதியதாகச் சொன்ன ஒரு பழைய உறுதியைப் பென் குடும்பத்தார் காட்டினார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கக்கூடிய தூரம் வரை காணி தங்களுக்கு என்பது அதன் சாரம். ஆற்றங்கரையோரம் ஆறுதலாக நடக்கிற நடை என்றுதான் லெனாப்பி மக்கள் நினைத்தார்கள். 1737 செப்ரெம்பரில் நடந்ததோ வேறு. முன்கூட்டியே பற்றை வெட்டிப் பாதை துப்பரவாக்கி, கால் வேகமான மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்து விட்டார்கள். இருவர் இடையில் விழுந்துபோக, எட்வேட் மார்ஷல் என்பவர் மட்டும் 60 மைலுக்கு மேல் போய் முடித்தார். பிறகு கோட்டையும் தங்களுக்கு வாய்ப்பாகச் சரித்துக் கீறினார்கள். ஒன்றரை நாளில் போன காணி ஏறக்குறைய 12 இலட்சம் ஏக்கர்! 1758 இல் ஈஸ்ரன் உடன்படிக்கையோடு நியூ ஜேர்சிப் பக்கத்து உரிமையும் போனது. இன்று அவர்களின் வழிவந்த பலர் ஒக்லகோமாவிலும் விஸ்கொன்சினிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் வாழ்கிறார்கள். அகதி என்ற சொல் எங்களோடு பிறந்த சொல் இல்லை.

பிறகு வந்து குடியேறியவர்களில் ஒல்லாந்தர் முக்கியமானவர்கள். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துத் தோம்பு எழுதிய அதே ஒல்லாந்தர் இனம்தான். ஆற்றோரமாக நூறு மைலுக்கு மேல் போகும் பழைய சுரங்க வீதியில் அவர்களும் மற்றவர்களும் பண்ணை, ஆலை, தேவாலயம், பள்ளிக்கூடம் என்று ஊர்களைக் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள்.

1955 ஓகஸ்ட் மாதம் இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்தன. டெலவெயார் பெருக்கெடுத்து அந்த ஆற்றுப் படுகையில் நூறு பேரளவில் இறந்தார்கள். வெள்ளத்தைத் தடுக்கவும் நகரங்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ரொக்ஸ் தீவு என்ற இடத்தில் பெரிய அணை கட்ட 1962 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அணைக்குப் பின்னால் 37 மைல் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று திட்டம். நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பொழுதுபோக்குப் பிரதேசம் அமைக்க 1965 இல் இன்னொரு சட்டம் வந்தது. இராணுவப் பொறியியல் பிரிவு காணிகளை வாங்கத் தொடங்கியது. விற்க மனமில்லாதவர்களின் காணியையும் சட்டப்படி எடுத்தார்கள். நட்டஈடு கொடுத்தார்கள்தான், ஆனால் பிறந்த மண்ணுக்கு விலை போடுவது எப்படி? ஆற்றின் இரு கரைகளிலுமாக ஏறக்குறைய 15,000 பேர் வெளியேறினார்கள் என்று சொல்லப்படுகிறது. வெறுமையாகக் கிடந்த வீடுகளில் குடிபுகுந்த இளைஞர்களையும் 1974 இல் எழுப்பிவிட்டு, வீடுகளைப் புல்டோசர் போட்டு இடித்தார்கள்.

ஊர்ச்சனம் பேசாமல் இருக்கவில்லை. நான்சி ஷுக்கைற்றிஸ் என்ற பெண்மணி, தன் குடும்பக் காணியும் பறிபோகிற நிலையில், பல வருடம் போராடினார். மலை உச்சியிலுள்ள சன்பிஷ் குளத்தை மின்சாரத் திட்டத்துக்கு எடுக்கப் பார்த்தபோது, 1967 இல் உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ் நூற்றுக்கணக்கானோரோடு அந்த மலைப் பாதையில் நடந்து எதிர்ப்புக் காட்டினார். ஒரு நடையால் காணி பறித்த அதே ஆற்றுப் பக்கத்தில், இன்னொரு நடை குளத்தைக் காத்தது. 1975 யூலையில் அணை பற்றி வாக்கெடுத்தபோது நியூ ஜேர்சி, நியூ யோர்க், டெலவெயார் மாநிலங்கள் வேண்டாம் என்றன; பென்சில்வேனியா மட்டும் வேண்டும் என்றது. அணை கட்டப்படவேயில்லை. 1978 இல் அந்த ஆறு பாதுகாக்கப்பட்ட ஆறானது. 1992 இல் காங்கிரஸ் திட்டத்தையே நீக்கியது.

அணை வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. ஆனால் போன சனமும் திரும்பி வரவில்லை. காணி தேசியப் பூங்காத் திணைக்களத்தின் கையில் தங்கிவிட்டது. இன்று அங்கே நூறு மைலுக்கு மேல் நடைபாதைகள், அருவிகள், மான், கரடி. இலட்சக்கணக்கானோர் வந்து "என்ன அழகான காடு" என்று படம் பிடிக்கிறார்கள். அதில் பெரும் பங்கு ஊராகக் கிடந்த காடு. 2020 குடிசன மதிப்பீட்டில் வால்பாக் ஊரின் சனத்தொகை 7 பேர்! பழைய வீடு ஒன்றில் அவ்வூர் வரலாற்றுச் சங்கம் சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. ஊர் போனாலும் பெயர் போகக்கூடாது என்று சிலர் நினைத்தபடியால்தான் நான் இவ்வளவையும் அறிய முடிந்தது.

வாசகர்களே, இப்போது உங்களுக்கும் வலிகாமம் வடக்கு ஞாபகத்துக்கு வந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல. அவர்களை அனுப்பியது சட்டமும் காசோலையும். எங்களை அனுப்பியது ஷெல். 1990 யூனில் எங்கள் ஊர் ஒரேயடியாக எழும்பி ஓடியபோது நான் அம்மாவின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. வளர்ந்தது நலன்புரி முகாமில். ஊரை உயர் பாதுகாப்பு வலயம் மூடியது. யுத்தம் முடிந்த பிறகு காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். முழுவதும் இன்னும் விடவில்லை. எங்கள் துண்டு திரும்பக் கிடைத்தபோது உறுதி கையில் இருந்தும் எல்லை தெரியவில்லை. ஒழுங்கையும் இல்லை, கதியாலும் இல்லை. ஆளுயரப் பற்றைக்குள் கிணற்றுக்கட்டைக் கண்டுதான் அப்பா "இதுதான் வளவு" என்றார்.

போன மாதம் அப்பாவோடு ரெலிபோனில் கதைக்கையில், "எங்கட ஒழுங்கையில இருந்த வீடுகளைப் படலையில இருந்து ஒவ்வொன்றாச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். மகன் கொப்பியும் பேனையுமாகப் பக்கத்தில் இருந்தான். அப்பா உற்சாகமாகத் தொடங்கினார். வீட்டுக்காரரின் பெயர், செய்த தொழில், வளவில் நின்ற மாமரம் என்று எல்லாம் வந்தது. பதினேழாவது வீட்டில் நின்றுவிட்டார். "பேர் வருகுதில்லையடா தம்பி. நாளைக்குச் சொல்லுறன்" என்றார். அடுத்த நாளும் வரவில்லை. கொப்பியில் அந்த வரி இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அதனால் இந்தப் புத்தாண்டில் ஒரு வேண்டுகோள். கைவிசேடம் வாங்கப் போகிற வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருங்கள். ஒழுங்கைகள், கோயில் வீதி, குளம், கிணறு, வீட்டுக்காரரின் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். தமிழில் எழுதத் தெரியாத பிள்ளைகள் இங்கிலீசில் எழுதினாலும் பரவாயில்லை. எங்கள் பதினேழாவது வீடு யாருடையது என்று தெரிந்தவர் இதை வாசித்தால் சங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

வசதி வந்தால் பிள்ளைகளோடு வால்பாக் பாதையிலும் ஒருமுறை நடந்து பாருங்கள். காட்டுக்குள் படிக்கட்டைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். அதுவும் யாரோ ஒருவரின் வாசல்தான்.