லயத்து அறையும் பூன் லே விடுதியும்

நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லயம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே நீண்ட கூரை. அதன்கீழ் வரிசையாக அறைகள். இலங்கை மலைநாட்டில் அறையின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சிறு பிள்ளைகூடச் சொல்லும். அதற்குள்தான் அடுப்பு, அதற்குள்தான் பாய், அதற்குள்தான் பிள்ளைப்பேறு. அந்த அளவைக் குறித்துக் கொடுத்தவர் அங்கே ஓரிரவேனும் படுத்துப் பார்த்திருப்பார் என்று நாம் நினைக்கவில்லை. உழைப்பாளியின் அறைக்கு அளவு குறிக்கும் இந்த வேலை சிங்கப்பூரில் எப்படி நடந்தது என்பதை இன்று பார்ப்போம்.

சிங்கப்பூரின் மேற்கே பூன் லே என்றோர் ஊர் உண்டு. 1852இல் பிறந்து 1933இல் மறைந்த சூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயரே ஊருக்கு வழங்குகிறது. ஜூரோங் வட்டாரத்தில் அவருக்குப் பெருநிலம் இருந்தது. தோல் பதனிட உதவும் காம்பியர்ச் செடியை முதலில் பயிரிட்டார். பின்னர் மிளகு, அதன்பின் இரப்பர். ஆக, அதுவும் நம்மைப்போல் ஒரு காலத்தில் பால் மரம் நின்ற மண்தான். 1961 முதல் ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் வேலை தொடங்கிற்று. மரங்கள் போயின, ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் வந்தன. அவற்றில் உழைக்கப் பிற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த அவர்கள் தங்கும் பெரிய விடுதிகள் பல, பூன் லேயைச் சுற்றியுள்ள தொழிற்பகுதிகளிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூன் லே பேருந்து நிலையத்தருகே நின்றால் நம் ஊர்ப் பேச்சு காதில் விழும்.

விடுதிக்குள் நுழையுமுன், நூறாண்டு பின்னே சென்று நகரின் பழைய பகுதிகளைப் பார்த்துவிட வேண்டும். 1906இல் பேராசிரியர் சிம்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நகரின் சுகாதார நிலையை ஆராய வந்தார். அவர் கண்டது என்ன? கடைவீடுகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டி நின்றன. உள்ளே பலகை அடித்துச் சிறுசிறு அறைகள். பலவற்றில் சன்னலே இல்லை. கூலிகளும் ரிக்‌ஷா இழுப்போரும் அவற்றில் நெருங்கிக் கிடந்தார்கள். காசநோய் அள்ளிக்கொண்டு போனது. 1907இல் வெளிவந்த தம் அறிக்கையில், இரு வரிசை வீடுகளுக்கும் நடுவே பின்சந்து வெட்டவேண்டும் என்றார் சிம்சன். காற்று வரும், வெளிச்சம் வரும், மலவாளியும் வீட்டு முன்வாசல் வழியே போகாது. யோசனை எளியதுதான், நிறைவேற்றத்தான் காலம் பிடித்தது. நகர மேம்பாட்டுக்கென 1927இல் ஒரு டிரஸ்ட் அமைந்து இந்த வேலையையும் கையில் எடுத்துக்கொண்டது. இன்று தேக்காவில் ஞாயிறுதோறும் நம் தொழிலாளர் குந்திப் பேசும் பின்சந்துகளும் அந்த எண்ணத்தின் வாரிசுகளே.

இனி பூன் லேக்குத் திரும்புவோம். 2020 ஏப்ரலில் கொரோனா நோய் விடுதிகளுக்குள் புகுந்தது. ஏப்ரல் 20ஆம் நாள் ஒரே நாளில் 1,426 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகள். விடுதிகள் பூட்டப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் கணக்கெடுத்தபோது, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் சுமார் 1,52,000 பேருக்கு நோய் வந்து போயிருந்தது தெரிந்தது. இரண்டு பேருக்கு ஒருவர் என்றே சொல்லலாம். பெரும்பாலோர் இளைஞர்களானதால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆனால் தவறு தொழிலாளியின் பழக்கத்தில் இல்லை, அறையின் அமைப்பில் இருக்கிறது என்பது ஊருக்கே வெளிச்சமாயிற்று. ஓர் அறையில் பன்னிரண்டு, பதினாறு கட்டில். அதுவும் ஒன்றன்மேல் ஒன்று. ஒருவர் இருமினால் அத்தனை பேருக்கும்தானே!

2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான விதிகளை அரசு அறிவித்தது. ஓர் அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். அறையோடு சேர்ந்தே குளியலறையும் கழிப்பறையும் இருக்கவேண்டும். ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். முன்பு 4.5 என்றுதானே இருந்தது, குறைத்துவிட்டார்களா என்று கேட்கத் தோன்றும். இல்லை. பழைய கணக்கில் சமையலிடம் போன்ற பொது இடங்களும் சேர்ந்திருந்தன; புதியதில் அவை சேரா. அளவு சொல்பவர் எதை எதைச் சேர்த்து அளக்கிறார் என்று நாம் எப்போதும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழிப்பறை விதியைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். முன்பு பதினைந்து பேருக்கு ஒன்று, இனி ஆறு பேருக்கு ஒன்று. வேலைக்கு லாரி விடியுமுன்பே வந்துவிடும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும், பதினைந்தாவது ஆள் எழுபது நிமிடம் காத்து நிற்கவேண்டும். ஆறாவது ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சம். நாள் முழுதும் சாரத்தின்மேல் ஏறி நிற்பவனுக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிது என்பதை அவன் மனைவியும் தாயும் அறிவார்கள்.

இந்த அளவை நம் லயத்துக்குப் போட்டுப் பார்ப்போமா? 4.2 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 45 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை 120 சதுர அடி. அதாவது, பூன் லேப் பக்கம் புதிதாகக் கட்டும் விடுதியின் கணக்குப்படி நம் லயத்து அறை இருவருக்கே போதும். நாம் எத்தனை பேர் அதில் வளர்ந்தோம்!

பழைய விடுதிகள் என்ன ஆயின? அவற்றுக்கு 2023 அக்டோபரில் தவணை கொடுத்தார்கள். சுமார் ஆயிரம் விடுதிகள் 2030க்குள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்கால அளவுக்கு வரவேண்டும். முழு அளவுக்கு வர 2040 வரை காலம். சுவரை இடித்துக் கட்டப் பணமும் வேண்டும், அதுவரை ஆட்களை வைக்க மாற்றிடமும் வேண்டும் என்பது உண்மையே. எனினும் 2040 வெகு தொலைவு என்றே நமக்குத் தோன்றுகிறது. இன்று முப்பது வயதில் அங்கே கட்டிலேறிப் படுப்பவர், அதற்குள் ஊர் திரும்பியிருப்பார். அந்தக் கட்டிலில் அவர் மகன் படுத்திருந்தாலும் வியப்பில்லை.